நாற்பது நிமிடத்துக்கு விளக்கம்

பிப்ரவரி 3, வெள்ளி

சென்னையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மார்ச் 31-ஆம் தேதியோடு எங்கள் 'உப்புக்காற்று' சமுதாய வானொலியின் உரிமம் முடிகிறது. புதுப்பிக்கப் பதினொரு காகிதங்கள் கேட்டிருக்கிறார்கள். டவர் உறுதியாக நிற்கிறதா என்று ஒன்று, எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒன்று, டிரான்ஸ்மிட்டரால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று ஓர் உறுதிமொழி, அந்த உறுதிமொழி உண்மைதான் என்று இன்னோர் உறுதிமொழி. அப்பப்பா! கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

பத்தாவது காகிதத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். "கடந்த மூன்று ஆண்டுகளின் டிரான்ஸ்மிட்டர் லாக் புத்தகங்களின் அசல், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் காட்டப்பட வேண்டும்."

இது புது டைரி. அதனால் யார் எவர் என்று எழுதிவிடுகிறேன். நான் தங்கபுஷ்பம், டிரான்ஸ்மிட்டர் ஆபரேட்டர். தூத்துக்குடிப் பக்கம் ஆலங்குடியிருப்பில் உப்பளத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் வானொலி எங்களுடையது. டைரி வாங்கித் தந்தவர் என் வீட்டுக்காரர் ஜெயக்கொடி, உப்பு லாரி ஓட்டுகிறார். நிலையத் தலைவி என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் பெயரை எழுத என் பேனாவுக்கு மனமில்லை. நிலையத் தலைவி என்றே இருக்கட்டும்.

பிப்ரவரி 6, திங்கள்

எர்த் அளக்க ஆள் வந்தார். டவரிலிருந்து ஒரு செம்புப் பட்டை மண்ணுக்குள் போகிறது. இடி விழுந்தால் மின்சாரம் அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். மண் எவ்வளவு சுலபமாக அதை வாங்கிக்கொள்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில் மண் நன்றாக வாங்கிக்கொள்ளட்டும் என்று குழியில் உப்புக் கொட்டுவார்களாம். அவர் பார்த்தார், மீட்டரைத் தட்டினார், மறுபடி பார்த்தார்.

"என்ன மேடம், இவ்வளவு நல்லா காட்டுது? எர்த் குழிக்கு எத்தன மூட்ட உப்பு போட்டிய?"

"ஒரு கல்லு போடல. நீங்க நிக்கிறதே உப்புதான்" என்றேன்.

ஆனால் ஃபாரத்தில் "குழியில் இடப்பட்ட உப்பின் அளவு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விடக்கூடாதாம். "இயற்கை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிலையத் தலைவிக்கு நாலு நாளாகச் சளி. மைக்கில் 'ண' எல்லாம் 'ட' ஆகக் கேட்கிறது. எனக்கென்ன வந்தது? ஒலித்தரம் என் பொறுப்பு, அதனால் கவனித்தேன்.

பிப்ரவரி 9, வியாழன்

லாக் விஷயத்தை இனியும் எழுதாமல் தள்ளிப்போட முடியாது.

டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆபரேட்டர் அளவுகளை எழுத வேண்டும். மேலே போகிற பவர் எவ்வளவு, போகாமல் திரும்பி வருகிற பவர் எவ்வளவு, வோல்டேஜ், சூடு. திரும்பி வருகிறது கூடினால் மெஷின் கருகிவிடும். கடைசிக் கட்டம் 'குறிப்பு'. நாள் முடிவில் நிலையத் தலைவி சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மூன்று வருடமாக நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே கட்டடத்தில் வேலை. சொல்ல வேண்டியதை எங்கே சொல்வது? குறிப்புக் கட்டத்தில் எழுதினோம். இன்றைக்கு முதல் புத்தகத்தைப் புரட்டினேன்.

"ஸ்டூடியோவில் ஃபேனை அணைக்காமல் வீட்டுக்குப் போனது யார்? - தங்கபுஷ்பம்."

"ஃபேன் அணைந்துதான் இருந்தது. காற்று உங்கள் மூச்சிலிருந்து வந்திருக்கும். - நி.த."

"திரும்பி வரும் பவர் 3 வாட் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தபோது 4. கண்ணாடி மாற்றவும். - நி.த."

"நீங்கள் பார்த்தது மாலை. நான் எழுதியது காலை. கடிகாரம் மாற்றவும். - தங்கபுஷ்பம்."

இப்படி மூன்று தடிப் புத்தகம். அரசாங்க முத்திரை போட்ட புத்தகத்தில் நாத்தனார் சண்டை! அதிகாரி பார்த்தால் உரிமத்தைக் கிழித்துக் காற்றில் விட்டுவிடுவார். முப்பத்திரண்டு பெண்கள் உப்பு வாரிய கையோடு வந்து பேசிப் பழகிய நிலையம் என்னால் மூடப்பட்டால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்?

வீட்டில் சொன்னேன். இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏளா புஷ்பம், இதுக்கா மண்டயப் போட்டு ஒடைக்க? புது நோட்டு மூணு எடு. நம்பர மட்டும் காப்பி அடி. ஒங்க சண்டய விட்டுரு. என் தங்கச்சி செல்லக்கனி கையெழுத்து போட்டுருவா, நான் சொல்லுதேன்."

பிப்ரவரி 12, ஞாயிறு

சமையலை முடித்துவிட்டுக் காப்பி அடிக்க உட்கார்ந்தேன். நம்பர் மட்டும். ஒன்பது பக்கம் எழுதினேன். பத்தாவது பக்கத்தில் இப்படி ஒரு குறிப்பு:

"இன்று காற்று அதிகம். ஆன்டெனா இணைப்பைப் பார்க்க யாரும் டவரில் ஏற வேண்டாம். மீறி ஏறினால் அண்ணனிடம் சொல்வேன். - நி.த."

அதன் கீழே என் கை: "சொல்லிக்கொள்ளவும்." அன்றைக்கு நான் ஏறவில்லை.

புது நோட்டை மூடிவிட்டேன். லாக் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அழித்தல் திருத்தல் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. பொய் லாக் எழுதிப் பிழைக்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. எழுதிய ஒன்பது பக்கத்தையும் அடுப்பில் போட்டேன்.

பிப்ரவரி 13, திங்கள்

இன்றைய லாக், குறிப்பு: "அசலைத்தான் காட்டப்போகிறேன். - தங்கபுஷ்பம்." மாலையில் கீழே: "நானும் அதையே எழுத வந்தேன். - நி.த."

பிப்ரவரி 21, செவ்வாய்

டவருக்கு வர்ணம் அடிக்க ஆள் வந்தார்கள். உப்புக் காற்று போன வருடம் அடித்த வர்ணத்தைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது. ஆறு போல்ட் மாற்றினோம். பழையவை கையில் எடுத்ததும் பொடிந்தன. சிவப்பும் வெள்ளையுமாக இப்போது டவர் ஜம்மென்று நிற்கிறது. நல்ல வெயில், நல்ல வேலை, மதியம் நெத்திலிக் குழம்பு. மனசுக்கு நிறைவாக இருந்தது.

எங்கள் சண்டை எப்படி வந்தது என்று வர்ணக்காரர் கேட்டார். ஊருக்கே தெரிந்தது, அவருக்கு மட்டும் தெரியாதாம். மூன்று வருடத்துக்கு முன் நிலையத் தலைவி நேரடி ஒலிபரப்பில் சிரிக்கச் சிரிக்க ஒரு கதை சொன்னார். புது மருமகளாக வந்தவள் முதன்முதலில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தாளாம். சுற்றிலும் உப்பளம், சொதியில் உப்பே இல்லையாம். "யார்னு கேக்கியளா? எங்க மதினிதான்!" அன்றிலிருந்து மீன் விற்கிறவள் முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் நான் 'உப்பில்லா புஷ்பம்'. அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இருபது வருடமாக அந்த வீட்டுக்குச் சமைத்துப் போட்டவள் நான். எனக்கு வலித்தது.

மார்ச் 7, செவ்வாய்

அதிகாரி வந்தார். பெயர் வரதராஜுலு. ஒல்லியான மனிதர், கையில் சொந்த மீட்டர். டவரைப் பார்த்தார், எர்த்தைப் பார்த்தார், 'இயற்கை' என்பதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லாக் புத்தகங்களோடு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம். டீ ஆறிப்போனது. நடுவில் ஒரு தடவை தோள் குலுங்கியது. நானும் நிலையத் தலைவியும் ஆளுக்கு ஒரு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

"உங்க ரெண்டு பேருக்கும் என்னம்மா பிரச்சினை?" என்றார்.

"சார், அத அவங்ககிட்ட கேளுங்க" என்றேன்.

"சார், நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சுனு மதினிகிட்ட சொல்லுங்க" என்றார் அவர்.

"நான் டிரான்ஸ்மிட்டர் பாக்க வந்தவன். என்னை ஆள விடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார் மனிதர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு சொல்றேன். நான் பாத்த லாக்ல பாதி, ஒரே நாள்ல உக்காந்து எழுதினது. ஐம்பது, ஐம்பது, ஐம்பதுன்னு ஒரே மையில இருக்கும். உங்களோடதுல ஒவ்வொரு அளவையும் ரெண்டு பேர் தனித்தனியா பாத்திருக்கீங்க. ஒருத்தர் தப்பை ஒருத்தர் கண்டுபிடிக்கணும்னே மூணு வருஷம் ஒரு நாள் விடாம பாத்திருக்கீங்க. பாதுகாப்புன்னு பாத்தா இதைவிட என்ன வேணும்?"

எனக்கு உயிர் வந்தது. நிலையத் தலைவி சுவரை விட்டு நகர்ந்தார். அதற்குள் அதிகாரியின் விரல் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது.

"2021 ஆகஸ்ட் 19. காலை 7.10-லேர்ந்து 7.50 வரை டிரான்ஸ்மிட்டர் நிறுத்தம். குறிப்பு ஒண்ணும் இல்ல. ஃபேனுக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க, இதுக்கு ஏன் இல்ல?"

நான் ஆறிப்போன டீ கிளாஸை எடுத்தேன், நிலையத் தலைவி ஜன்னலைச் சாத்தப் போனார்.

"காரணம் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. காரணமில்லாம நிறுத்தினதா பதிவானா நான் பரிந்துரை பண்ண முடியாது. உரிமம் நின்னுடும்."

மார்ச் 8, புதன்

"கரண்டு போச்சுனு எழுதிட்டுப் போ" என்கிறார் இவர்.

எப்படி எழுதுவது? அன்றைக்கு வோல்டேஜ் கட்டத்தில் 232 என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். மெஷின் சூடாகிவிட்டது என்று எழுதலாமா என்றால், சூடு 41 என்று எழுதியிருக்கிறேன். நான் எழுதிய லாக் என்னையே பொய் சொல்லவிடாமல் மறிக்கிறது.

சரி, நடந்ததை எழுதுகிறேன். அன்று காலை ஏழு மணி நிகழ்ச்சி. முதல் பாட்டு முடிந்து ஏழு பத்துக்கு நிலையத் தலைவி மைக்கில் வணக்கம் சொன்னார். பிறகு, "இன்னைக்கு மொதல்ல எங்க மதினிகிட்ட நான் மன்னிப்பு" என்று ஆரம்பித்தார். நான் மெஷினை அணைத்துவிட்டேன். மைக்கில் மானத்தை வாங்கிவிட்டு மைக்கிலேயே மன்னிப்பா? அவர் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளித்தானே இருக்கிறது எங்கள் வீடு? ஊர் முழுக்கக் கேட்டு உச்சுக்கொட்ட நான் என்ன காட்சிப் பொருளா? ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. ஆத்திரம் தணிந்ததும் மறுபடி போட்டேன். அவ்வளவுதான்.

மார்ச் 10, வெள்ளி

அனுப்பிய கடிதத்தின் நகல்:

"ஐயா, மேற்படி தேதியில் நிலையத் தலைவி ஒலிபரப்பில் என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அதை ஒலிபரப்பாகக் கேட்க எனக்கு விருப்பமில்லாததால் டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. இனி இவ்வாறு நடக்காது. இப்படிக்கு, தங்கபுஷ்பம், ஆபரேட்டர்."

கீழே நிலையத் தலைவியின் கையெழுத்து, ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எழுதி அனுப்பியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மதியம் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 14, செவ்வாய்

கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது! "அணைத்ததற்கான காரணம் ஏற்கப்பட்டது. எனினும் மேற்படி இயந்திரத்தை மீண்டும் இயக்க இரண்டு நிமிடமே போதும் எனத் தெரிகிறது. நாற்பது நிமிடம் ஆனதன் காரணம் விளக்கப்படவில்லை. மூன்று தினங்களுக்குள் விளக்கவும்."

அட, இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா?

"ஆத்திரம் நாற்பது நிமிடம் இருந்தது" என்று எழுதினேன், கிழித்தேன். "அலுவலகத்தில் வேறு வேலை இருந்தது" என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். இவர் எட்டிப் பார்த்து, "அந்த நாப்பது நிமிஷம் என்னத்தான்ளா செஞ்ச?" என்று கேட்டார். பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 15, புதன்

காலையில் விளக்கக் கடிதத்தில் பொருள், பார்வை எல்லாம் எழுதி, நடுவில் காலியாக விட்டு, நிலையத் தலைவியின் மேசையில் வைத்தேன். குறிப்புக் கட்டத்தில், "எனக்கு வார்த்தை வரவில்லை. ஏதாவது எழுதிக்கொள்ளவும்" என்று எழுதினேன். பதினொரு மணிக்குப் போய் எடுத்தேன். அவள் உப்பளத்துக்குப் பேட்டி எடுக்கப் போயிருந்தாள். காலி இடத்தில் அவள் கையெழுத்து:

"மேற்படி நாற்பது நிமிடமும் ஆபரேட்டர் திருமதி தங்கபுஷ்பம் அவர்கள் அழுதுகொண்டிருந்தார். டிரான்ஸ்மிட்டர் அறைக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவே உள்ள கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அவர் கையைப் பிடித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒலிபரப்பு மீண்டிருக்கும். எனக்குப் போகத் தைரியம் வரவில்லை. ஆகவே மீதி முப்பத்தைந்து நிமிடத்துக்கு நிலையத் தலைவியான நானே முழுப் பொறுப்பு. அதற்கு முன் நடந்ததற்கும் நானே பொறுப்பு. இப்படிக்கு, செ. செல்லக்கனி."

நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். நான் அழுததை இந்த டைரிக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் அரசாங்கத்துக்கே எழுதிவிட்டாள். பார்த்திருக்கிறாள், பாவி! ஒன்றரை வருடமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நெஞ்சில் கட்டியிருந்தது கரைந்த மாதிரி இருந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டு, நானே தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

மார்ச் 24, வெள்ளி

தகவல் இல்லை. எல்லா அளவும் சரி. செல்லக்கனி பச்சைச் சேலை கட்டியிருந்தாள்.

மார்ச் 29, புதன்

உரிமம் வந்துவிட்டது! ஐந்து வருடத்துக்கு! உப்பளத்திலிருந்து பெண்கள் வெள்ளைக் காலோடு ஓடி வந்துவிட்டார்கள். யாரோ சீனி மிட்டாய் வாங்கி வந்தார்கள். இவர் லாரி ஹாரனை ஊரே எழுந்து நிற்கும்படி அடித்தார்.

கூட்டமெல்லாம் போன பிறகு உத்தரவை முழுக்கப் படித்தேன். கடைசியில் இரண்டு நிபந்தனைகள்.

"1. அளவுகளை இருவர் தனித்தனியே சரிபார்க்கும் முறை பாராட்டத்தக்கது. இது தொடரப்பட வேண்டும்.

2. குறிப்புக் கட்டத்தில் இனி தொழில்நுட்ப விவரங்கள் மட்டுமே எழுதப்பட வேண்டும். பிற செய்திகளை நேரில் தெரிவித்துக்கொள்ளவும்."

செல்லக்கனியும் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் இரண்டாவது நிபந்தனையில்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன். நிமிரவே இல்லை.

மார்ச் 30, வியாழன்

காலை ஆறரைக்கே உப்பளத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஏழு மணி நிகழ்ச்சியில் உரிமம் வந்த செய்தியைச் செல்லக்கனி சொல்வாள், எல்லாரும் கூட நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவள் புதுச் சேலையில் பரபரவென்று அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பினாள் பாருங்கள், பின்பக்கம் சேலை ஒரு சாண் மேலே ஏறி, பாவாடை முழுக்கத் தெரிகிறது! இந்தக் கோலத்தில் முப்பது பேர் முன்னால் போய் நிற்கப் போகிறாள்.

பேனாவை எடுத்தேன். லாக் புத்தகத்தைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். இது தொழில்நுட்ப விவரம் இல்லை. எழுதினாலும் அவள் படிக்கப் போவது சாயங்காலம்தான்.

நேராகப் போய் ஸ்டூடியோக் கதவைத் திறந்தேன். மணி ஆறு ஐம்பத்தெட்டு.

"ஏட்டி செல்லக்கனி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பின்னால சேல தூக்கிக்கிட்டு நிக்கி. பாக்க மாட்டியா?"

அவள் திரும்பவில்லை. கையில் இருந்த காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"லாக்ல எழுதிருக்கலாம்லா மதினி?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இனிமே அதுல இதெல்லாம் எழுதக் கூடாது. கவர்மெண்டு உத்தரவு" என்றேன்.

குனிந்து சேலையை இழுத்துவிட்டேன். அவள் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சேலை சரியான பிறகும் கையை எடுக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும்.

நிகழ்ச்சி நாலு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. லாக்கில் காரணம் எழுத வேண்டும். என்ன எழுதலாம் என்று நாளைக்குக் காலையில் செல்லக்கனியிடமே கேட்டுக்கொள்கிறேன்.